பழைய மோடத்தை வாங்கும் முன்

வணக்கம். விநாடிக்கு 500 மெகாபிட் திட்டத்திற்காக, ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய, 16 இறக்கச் சேனல்கள் (தரவைப் பதிவிறக்கும் அலைவரிசைகள்) கொண்ட டாக்சிஸ் 3.0 (கேபிள் இணையத்திற்கான தரநிலை) மோடத்தை வாங்கி, சேவை நிறுவனத்தின் மோடத்திற்கான மாத வாடகையைத் தவிர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வாடகையைத் தவிர்க்க நினைப்பது நியாயமே; ஆனால் அந்த மோடத்தை நான் வாங்க மாட்டேன்.

6 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு சேனல் விநாடிக்கு ஏறத்தாழ 38 மெகாபிட் தரும் என்பதால், பதினாறும் சேர்ந்தால் 608 என்று கணக்கு காகிதத்தில் சரியாகவே வரும். எனினும், அதே சேனல்களை அக்கம்பக்கத்து வீடுகளும் பகிர்ந்துகொள்வதால், பலரும் இணையத்தில் இருக்கும் மாலை வேளைகளில் 500 கிடைப்பது அரிது. ஆகவே டாக்சிஸ் 3.1 மோடத்தையே தேடுங்கள். குறைந்தபட்சம் 32 சேனல்களாவது இருக்கட்டும்.

அதைவிட முக்கியமானது, உங்கள் சேவை நிறுவனம் அனுமதித்துள்ள மோடங்களின் பட்டியல். அதில் இல்லாத மாதிரியை அவர்கள் இணைக்க மறுக்கலாம். பழைய மோடம் என்றால், அதன் மேக் முகவரி (ஒவ்வொரு சாதனத்திற்கும் உரிய தனி அடையாள எண்) முந்தைய உரிமையாளரின் கணக்கிலிருந்து நீக்கப்பட்டிருக்கிறதா என்பதையும், பணம் கொடுப்பதற்கு முன்பே நிறுவனத்திடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். வாடகை மோடத்தையே யாரேனும் விற்றுவிடுவதும் உண்டு!

கேபிள் வழியே தொலைபேசி இணைப்பும் இருந்தால், அதற்கான துளை சாதாரண மோடங்களில் இராது. வைஃபை ரவுட்டரும் பெரும்பாலும் தனியாகவே வேண்டியிருக்கும். மோடம், ரவுட்டர் இரண்டின் விலையையும் கூட்டி மாத வாடகையால் வகுத்துப் பாருங்கள். போட்ட பணம் திரும்பக் கிடைக்க இரண்டாண்டுகளுக்கு மேலாகுமென்றால் வாடகையிலேயே தொடரலாம். வாங்குவதாக முடிவெடுத்தால், வாடகை மோடத்தைத் திருப்பிக் கொடுத்ததற்கான ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.