சின்ன ஊர் தீயணைப்பு நிலையத்தில் தினமும் அப்படி என்ன வேலை இருக்கும்?

கேட்டவர் கொஞ்சம் காரமாகவே கேட்டிருக்கிறார். அவர் ஊர் ஸ்டேஷனைத் தாண்டும்போதெல்லாம் வண்டி நின்றபடியே இருக்கிறதாம், சாயங்காலமானால் வாலிபால் ஆடுகிறார்களாம். வருஷத்துக்கு நாலு குடிசை எரிகிற ஊருக்கு இத்தனை ஆட்கள் எதற்கு என்கிறார்.

நான் ஃபயர்மேனாகச் சேர்ந்து லீடிங் ஃபயர்மேனாக ஓய்வு பெற்றவன். பாதி சர்வீஸ் டெல்டாவில், மீதி வானம் பார்த்த பூமியில். எல்லாமே தாலுகா அளவு ஊர்கள்.

வாலிபால் ஆடுவது உண்மைதான். ஆனால் ஆட்டம் நடக்கும்போதும் டிரைவர் வண்டியை விட்டு எட்டப் போக மாட்டார். மணி அடித்துவிட்டால் பந்து எங்கே விழுந்தது என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வண்டி நிற்பதைப் பார்த்து வேலை இல்லை என்று முடிவு கட்டினால் எப்படிங்க? எங்கள் வண்டி நாள் முழுக்க ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தால்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும்.

காலையில் ரோல் கால், பரேடு, டிரில். அப்புறம் வண்டியை ஸ்டார்ட் செய்து பம்பை ஓட்டிப் பார்க்க வேண்டும். தொட்டித் தண்ணீர், ஏணி, கயிறு, மூச்சுக் கருவி சிலிண்டரில் காற்றழுத்தம் எல்லாம் தினசரி சோதனை. முந்தின நாள் தீக்குப் போயிருந்தால் ஹோஸ்களைக் கழுவிக் காயப்போடுகிற வேலையும் சேரும். கான்வாஸ் ஹோஸை ஈரத்தோடு சுருட்டி வைத்தால் மட்கிவிடும். அடுத்த தடவை பிரஷர் ஏறும்போது சரியாக அந்த இடத்தில் பிய்த்துக்கொள்ளும்.

துறையின் முழுப் பெயர் தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. சின்ன ஊரில் எங்களை ஓட வைப்பது அந்தப் பின்பாதிதான். தீயைவிட மீட்பு அழைப்புகளே அதிகம்.

மழைக்காலம் தொடங்கிவிட்டால் பாம்பு பிடிக்க அழைப்பு வராத வாரம் இருக்காது. பாத்ரூமில் இருக்கும், பைக் ஹெட்லைட்டுக்குள் இருக்கும், ரேஷன் அரிசி மூட்டைக்குப் பின்னால் இருக்கும். போனில் எல்லோருக்கும் அது நல்ல பாம்புதான், போய்ப் பார்த்தால் பெரும்பாலும் சாரை. அதற்காகச் சாரைதானே என்று அசட்டையாகக் கையை நீட்டவும் முடியாது. பிடித்துச் சாக்கில் போட்டு வனத்துறையிடம் ஒப்படைப்போம். நீங்கள் செய்ய வேண்டியதெல்லாம் தள்ளி நின்று, அது புகுந்த இடத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருப்பதுதான். "இப்பத்தான் சார் இங்க இருந்துச்சு" என்கிற வீட்டில் பீரோ, கட்டில், அரிசி டிரம் எல்லாவற்றையும் நகர்த்தி, கடைசியில் பாம்பைக் காணாமல் அந்த அம்மாவுக்கு வீட்டைச் சுத்தம் செய்து கொடுத்துவிட்டு வந்ததும் உண்டு.

வறண்ட பக்கத்தில் கிணற்றில் விழுந்த மாடு. கைப்பிடிச் சுவர் இல்லாத அறுபது எழுபது அடிக் கிணறுகள் அங்கே ஏராளம். மேய்ந்துகொண்டே வந்த மாடு பின்னங்கால் வழுக்கி உள்ளே போய்விடும். முதலில் ஒருவர் கயிற்றில் இறங்குவார். மிரண்ட மாடு தண்ணீருக்குள் சுற்றிச் சுற்றி வரும், கிட்டப் போனால் முட்டும். மாட்டுக்காரரை மேலிருந்தே பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டே இருக்கச் சொல்வோம். பழகிய குரல் காதில் விழுந்தால் பாதி மிரட்சி அடங்கிவிடும். அடுத்தது கட்டுவது. வெறும் கயிற்றைப் போட்டுத் தூக்கினால் முழு எடையும் அந்தக் கயிற்றின் பருமனில் இறங்கி வயிற்றை அறுத்துவிடும். அதனால் கழித்துப்போட்ட பழைய டெலிவரி ஹோஸை இதற்கென்றே வைத்திருப்போம். அது தட்டையாகப் பட்டை மாதிரி படியும். முன்னங்காலுக்குப் பின்னால் ஒரு சுற்று, பின்னங்காலுக்கு முன்னால் ஒரு சுற்று, மடியில் படாமல். சினை மாடு என்றால் இன்னும் நிதானம். பிறகு கிரேனோ ஜேசிபியோ கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் ஊர்க்காரர்கள் முப்பது பேர் வடம் பிடிக்க வேண்டியதுதான். மேலே வந்ததும் எல்லோரும் சந்தோஷத்தில் கிட்ட ஓடுவார்கள். உதை விழுவது அப்போதுதான்.

ஒரு மாட்டுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று டவுனில் கேட்பார்கள். அந்த மாட்டின் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றித்தான் அந்த வீட்டில் வாரக் கடன் கட்டுகிறார்கள்.

டெல்டாவில் கதண்டு, அதாவது பெரிய விஷக் குளவி. பனையிலோ தென்னையிலோ பெரிய கூடாகக் கட்டியிருக்கும். கூட்டமாக வந்து கொட்டினால் ஆளையே கொன்றுவிடும், அப்படிப் போனவர்கள் அந்தப் பக்கம் உண்டு. பகலில் நெருங்கவே கூடாது. இருட்டி, எல்லாம் கூடடைந்த பிறகு முழு உடையோடு போய் நீளக் கழியில் பந்தம் கட்டிக் கொளுத்துவோம். தீயணைக்கிற துறைக்காரன் தீ வைக்கப் போவது இந்த ஒரு வேலைக்குத்தான்.

விரலில் இறுகிய மோதிரம், எவர்சில்வர் குண்டானுக்குள் தலை மாட்டிய குழந்தை, உள்ளே தாழ் போட்டுக்கொண்ட ரெண்டு வயசுப் பிள்ளை எல்லாம் சில்லறைக் கணக்கு. செல்போன் டவரில் ஏறி நின்றுகொண்டு கோபித்துப் போன மனைவியைக் கூட்டிவரச் சொல்கிறவர்கள் தனி ரகம். பேச்சுவார்த்தை போலீஸ் பாடு, கீழே வலையை விரித்துப் பிடித்துக்கொண்டு கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்பது எங்கள் பாடு.

நாங்கள் வீட்டில் பேசாத வேலை ஒன்று உண்டு. ஏரி, கல்குவாரிக் குட்டை, கோயில் குளம் என்று கோடை விடுமுறையில் குளிக்கப் போன பிள்ளைகளைத் தேடுவது. மூழ்கித் தேடுவோம், கிடைக்காவிட்டால் கொக்கிகள் கோத்த பாதாளக் கொலுசை இறக்கி அரித்துத் தேடுவோம். கரையில் அம்மா நிற்பார். தண்ணீருக்குள் தட்டுப்பட்டால் யாரும் சத்தம் போட மாட்டோம், எஸ்.ஓ.வை, அதாவது ஸ்டேஷன் ஆபீசரைப் பார்த்து ஒரு சைகை மட்டும். உறவுக்காரப் பெண்கள் யாரையாவது விட்டு அந்த அம்மாவைத் தள்ளிக் கூட்டிப்போகச் சொன்ன பிறகுதான் மேலே கொண்டுவருவோம். இது எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இல்லை, சீனியர்கள் சொல்லிக் கொடுத்தது.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது பாழுங்கிணறும் செப்டிக் டேங்கும். உள்ளே போனவர் மயங்கி விழுவார், தூக்க அண்ணன் இறங்குவார், அவரைத் தூக்கப் பக்கத்து வீட்டுக்காரர் இறங்குவார். நாங்கள் போய்ச் சேரும்போது மூன்று பேர் கிடப்பார்கள். உள்ளே ஆக்சிஜன் இருக்காது, அல்லது ஹைட்ரஜன் சல்ஃபைடு தேங்கியிருக்கும். அந்த அழுகிய முட்டை நாற்றம் அளவு கூடினால் மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்குவார்கள். விளக்கைக் கட்டி இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தையும் நம்பாதீர்கள். மீத்தேன் இருந்தால் அந்த விளக்கே வெடிக்க வைக்கும், விளக்கு அணையாமல் எரிவதால் விஷவாயு இல்லை என்றும் ஆகாது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் செப்டிக் டேங்கில் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதையும் வீடு கட்டுகிறவர்கள் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

இனி நெருப்பு.

சாதாரணமாக ஒரு வாட்டர் டெண்டரில் 4,500 லிட்டர் தண்ணீர் இருக்கும். கேட்க நிறைய மாதிரி தெரியும். முழு வீச்சில் திறந்துவிட்டால் சில நிமிடங்களிலேயே தொட்டி காலி. அடுத்த வண்டி பக்கத்து ஊரிலிருந்து வர வேண்டும், அதற்கு அரை மணி நேரமாவது ஆகும். பெரிய நகரம் மாதிரி தெருவில் தீயணைப்புக்கென்று தண்ணீர்க் குழாய் கிடையாது. எனவே எந்தத் தெருவுக்குப் பக்கத்தில் எந்தத் தண்ணீர் என்ற கணக்குத்தான் சின்ன ஊர் ஸ்டேஷனின் மூலதனம். எந்த ரைஸ்மில்லில் பெரிய தொட்டி இருக்கிறது, எந்தக் கல்யாண மண்டபத்து போர்வெல்லில் தண்ணீர் நிற்காமல் வரும், மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர் எந்த டீக்கடையில் இருப்பார், எல்லாம் தெரிய வேண்டும். கிணறு இருக்கிறதே என்பார்கள். பம்பு தண்ணீரை உறிஞ்சி இழுப்பது காற்றழுத்தத்தின் தயவில்தான், நடைமுறையில் ஏழு எட்டு மீட்டருக்கு மேல் ஏறாது. கோடையில் அறுபது அடியில் கிடக்கும் தண்ணீரை நாங்களும் உங்களோடு சேர்ந்து எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். புதிதாக மாற்றலாகி வரும் எஸ்.ஓ. முதல் வாரத்தில் ஊரைச் சுற்றுவது இந்தக் கணக்குக்குத்தான்.

அறுவடைக் காலத்தில் வைக்கோல் லாரி தாழ்ந்து தொங்கும் மின்கம்பியில் உரசும். பின்னால் பற்றி எரிவது டிரைவருக்குத் தெரியாது. பைக்கில் வருகிறவர்கள் கத்திக்கொண்டே துரத்துவார்கள், அவர் வழிவிடச் சொல்கிறார்கள் என்று நினைத்து இன்னும் வேகமெடுப்பார். காற்று பட்டுத் தீ விரியும். விவரமான டிரைவர் வீடுகளை விட்டு விலகி ஏரிக்கரைப் பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிட்டுக் குதித்துவிடுவார். நாங்கள் போனதும் முதல் போன் லைன்மேனுக்கு. கரண்ட் நின்ற பிறகுதான் தண்ணீர். வைக்கோலில் மேலே எவ்வளவு ஊற்றினாலும் மேல் தோல்தான் நனையும், உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். ஜேசிபியை விட்டு மொத்தத்தையும் தரையில் இறக்கி, கவைக்கோலால் பிரித்துப் பிரித்து நனைக்க வேண்டும். ஒரு லோடு வைக்கோலுக்கு ராத்திரி முழுக்கப் போய்விடும். விடிந்து வந்து படுத்தவனைத்தான் நீங்கள் பத்து மணிக்கு ஸ்டேஷன் வாசலில் பார்க்கிறீர்கள்.

"எல்லாம் எரிஞ்ச பிறகுதான் வர்றீங்க" என்பது நாங்கள் வாங்காத நாளில்லை. கோபம் நியாயம்தான். ஆனால் கீற்றுக் கூரை பற்றினால் பத்து நிமிடம் தாங்காது. ஸ்டேஷன் பதினைந்து கிலோமீட்டரில் இருக்கிறது. அதற்கு நடுவில் மாமாவுக்கு ஒரு போன், மச்சானுக்கு ஒரு போன், செல்போனில் ஒரு வீடியோ, அப்புறம்தான் 101 நினைவுக்கு வருகிறது. அப்படிப்பட்ட இடத்தில் எரிகிற வீட்டைக் காப்பாற்றப் பார்ப்பதில்லை, பக்கத்துக் கூரைகளை நனைப்போம். நாலாவது வீட்டில் தீ நின்றால் அன்றைக்கு அது வெற்றி. அதை எரிந்த வீட்டுக்காரரிடம் சொல்ல முடியாது.

சமையலறைத் தீயில் பாதிக்கு எங்களுக்கு வேலையே இருக்கக் கூடாது. எண்ணெய்ச் சட்டி பற்றினால் தண்ணீர் ஊற்றாமல், அடுப்பை நிறுத்திவிட்டு, சட்டி கொள்ளும் தட்டைப் போட்டு மூடுங்கள். வீட்டு சிலிண்டரின் வாயில் தீப்பிடித்தால் நனைந்த கோணிச் சாக்கைப் போர்த்தி ரெகுலேட்டரை மூடலாம் என்பதைப் பள்ளிக்கூடங்களில் எரியவிட்டே காட்டுகிறோம். கைதட்டுகிறார்கள். வீட்டில் ஒரு கோணிச் சாக்கு இருக்கிறதா என்றால் இருக்காது.

அந்தச் செயல்விளக்கங்கள் ஏப்ரல் 14 முதல் 20 வரையிலான தீத்தொண்டு வாரத்தில் அதிகம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா துறைமுகத்தில் பஞ்சும் வெடிபொருளும் ஏற்றிய ஃபோர்ட் ஸ்டிக்கின் கப்பல் வெடித்ததில், அணைக்கப் போன தீயணைப்புக்காரர்கள் 66 பேர் இறந்தார்கள். அவர்கள் நினைவுக்கான நாள் அது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் குளக்கரையில் இன்னொரு ஒத்திகை, காலி கேனையும் வாழைத் தண்டையும் கட்டி மிதப்பது எப்படி என்று.

ஆய்வு வேலை யார் கண்ணிலும் படாது. 2004 ஜூலை 16 கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போனார்கள். சமையலறையில் பிடித்த தீ வகுப்பறைகளின் கீற்றுக் கூரைக்கு ஏறியது. அதே வருஷம் ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபத்துக் கீற்றுப் பந்தல் எரிந்து மாப்பிள்ளை உள்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூடக் கீற்றுகள் இறங்கின. பள்ளி, மண்டபம், தீபாவளிப் பட்டாசுக் கடை என்று நாங்கள் போய்ப் பார்ப்பதும் கறாரானது. இருந்தும் தீயணைப்பான் புதிதாகப் பளபளவென்று தொங்கும், அவசர வழிப் படிக்கட்டில் உடைந்த பெஞ்சுகள் கூரை வரை அடுக்கியிருக்கும். அதை எடுக்கச் சொன்னால், "அடுத்த வாரம் ஏலம் விட்டுடறோம் சார்." அந்த அடுத்த வாரத்துக்காக மறுபடி மறுபடி போவதும் எங்கள் வேலையில் சேர்ந்ததுதான்.

கூப்பிடுவதானால் 101 அல்லது 112. உங்கள் ஊர் ஸ்டேஷனின் லேண்ட்லைன் நம்பரையும் போனில் ஏற்றி வையுங்கள், செல்போனிலிருந்து போடும் கால் சுற்றி வர வாய்ப்புண்டு. என்ன எரிகிறது, உள்ளே ஆள் உண்டா, ஊர்ப் பெயரோடு பக்கத்தில் தெரிந்த அடையாளம் என்ன, இந்த மூன்றையும் சொல்லிவிட்டுப் போனை வைக்காமல் காத்திருங்கள். கட்டியிருக்கும் ஆடு மாட்டை அவிழ்த்துவிடுங்கள், சந்தில் நிற்கும் பைக்குகளை எடுக்கச் சொல்லுங்கள். மெயின்ரோட்டுத் திருப்பத்தில் ஒரு பையனை டார்ச்சோடு நிறுத்துங்கள். மேலத்தெரு என்ற பெயரில் எங்கள் எல்லைக்குள் ஏழெட்டுத் தெரு இருக்கும், ராத்திரியில் தப்பான தெருவுக்குள் போய்விட்டால் அவ்வளவு பெரிய வண்டியைத் திருப்பி எடுக்கவே ஐந்து நிமிடம் ஆகும்.