சிறுவயதுச் சர்க்கரையும் எலும்பும்: கேள்வி பதில்

டைப் 1 சர்க்கரை (உடம்பில் இன்சுலின் சுரக்காமல் போவது) உள்ள பிள்ளைகளின் எலும்பு பற்றிப் பெற்றோர் அனுப்பிய கேள்விகளுக்கு, குழந்தைகள் ஹார்மோன் மருத்துவர் தரும் பதில்கள்.

டாக்டர், என் மகளுக்கு 9 வயது. டைப் 1 வந்து 3 வருஷம் ஆகிறது. கண், கிட்னி என்றுதான் எல்லாரும் எச்சரிக்கிறார்கள். எலும்புக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம்?

இன்சுலின் சர்க்கரையை இறக்குவதோடு நிற்பதில்லை, எலும்பு கட்டும் செல்களையும் அதுதான் ஊக்குகிறது. இன்சுலின் போதாவிட்டால் ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியும் குறையும், புது எலும்பு மெதுவாகவே உருவாகும். சர்க்கரை ஏறியே கிடந்தால் அடிக்கடி சிறுநீர் போகும், அதோடு கால்சியமும் வெளியேறும்.

இதைவிடப் பிடிபடாத விஷயம் ஒன்று உண்டு. எலும்புக்குள் இருக்கும் கொலாஜன் இழைகளில் சர்க்கரை ஒட்டிக்கொண்டு அவற்றை விறைக்க வைத்துவிடும். கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்த மாதிரிதான். அளந்தால் கனம் சரியாகத் தெரியும், தாங்கும் சக்தி குறைந்திருக்கும்.

உங்கள் மகளின் வயதில் இதைக் கேட்டது நல்லது. வளர்ந்தவரின் எலும்புத் தாதுவில் ஏறக்குறைய கால் பங்கு, உயரம் கிடுகிடுவென ஏறும் பருவத்தை ஒட்டிய 2 வருஷத்தில் சேர்கிறது. பெண்களுக்கு அது சுமார் 12 வயது, ஆண்களுக்கு 14. இன்சுலின் தேவை கூடுவதும் அப்போதுதான், பிள்ளைகள் ஊசியைத் தட்டிக்கழிப்பதும் அப்போதுதான். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியை (HbA1c) 7 சதவீதத்துக்குக் கீழ் வைப்பதுதான் எலும்புக்கு முதல் மருந்து. மாத்திரை எல்லாம் அதற்கு அப்புறம்.

அப்படியானால் எலும்பு சீக்கிரம் முறியுமா?

சின்ன வயதில் அபாயம் கொஞ்சம்தான் கூடுதல். வளர்ந்து வயதான பிறகு, குறிப்பாக இடுப்பெலும்பு முறிவில், அது பல மடங்காகிறது.

11 வயது மகனுக்கு எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தோம். டி-ஸ்கோர் -2.6, "எலும்புத் தேய்மானம்" என்று ரிப்போர்ட்டில் போட்டிருக்கிறது. தூக்கமே போய்விட்டது.

நிம்மதியாகத் தூங்குங்கள். டி-ஸ்கோர் இளவயது வந்தவரின் எலும்போடு ஒப்பிடும் கணக்கு. 11 வயதுப் பையனை அதில் வைத்தால் யாராயிருந்தாலும் தோற்பான். அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிடும் இசட்-ஸ்கோரைக் கேட்டு வாங்குங்கள். முதுகெலும்பிலும், தலை நீங்கலாக முழு உடலிலும் அளந்திருக்க வேண்டும். பையன் குள்ளமாக இருந்தால் உயரத்துக்குத் திருத்தியும் பார்க்க வேண்டும்.

இசட்-ஸ்கோர் -2 அல்லது அதற்குக் கீழே வந்தாலும் அது மட்டும் போதாது. 10 வயதுக்குள் இரண்டு முறையாவது, 19 வயதுக்குள் மூன்று முறையாவது கை கால் நீள எலும்பு முறிந்திருந்தால்தான் "எலும்புத் தேய்மானம்" என்ற பெயர் பொருந்தும். பெரிய அடி எதுவும் படாமல் முதுகெலும்பு நசுங்கியிருந்தால் ஸ்கோரே வேண்டாம், அதுவே போதும்.

கால்சியம், விட்டமின் டி மாத்திரை நாமே கொடுக்கலாமா? தைராய்டு மாத்திரையும் ஓடுகிறது.

4 முதல் 8 வயதுவரை நாளுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் தேவை, 9 முதல் 18 வரை 1300. 200 மில்லி பாலில் சுமார் 240 மில்லிகிராம் இருக்கிறது, முதலில் சாப்பாட்டில் எவ்வளவு சேர்கிறது என்று கூட்டிப் பாருங்கள். அதே பாலில் 10 கிராம் மாவுச்சத்தும் (கார்போஹைட்ரேட்) இருக்கிறது. ராத்திரிப் பாலைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டு, காலைச் சர்க்கரை ஏன் ஏறுகிறது என்று குழம்புகிறவர்கள் நிறைய.

விட்டமின் டி 1 வயதுக்கு மேல் நாளுக்கு 600 யூனிட். பெரிய டோஸ் வேண்டுமென்றால் ரத்த அளவைப் பார்த்த பிறகுதான், மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும். கால்சியம் மாத்திரைக்கும் தைராய்டு மாத்திரைக்கும் 4 மணி நேரம் இடைவெளி விடுங்கள். சேர்த்துப் போட்டால் தைராய்டு மருந்து உடம்பில் சேராது.

ஹைப்போவுக்கு (சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவதற்கு) பயந்து விளையாட விடுவதில்லை.

விடுங்கள். குதிப்பது, ஓடுவது, கயிறு தாண்டுவது போல எலும்பில் அதிர்வு விழும் விளையாட்டுதான் வேண்டும். நீச்சலும் சைக்கிளும் இதயத்துக்கு நல்லது, எலும்புக்கு அவ்வளவு உதவாது.

தொடங்கும்முன் சர்க்கரை 90-க்குக் கீழ் என்றால் 10 முதல் 20 கிராம் மாவுச்சத்து கொடுத்து, ஏறிய பிறகு அனுப்புங்கள். ரத்தக் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் சேரும் அமிலப் பொருள்) 1.5 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் என்றால் அன்று விளையாட்டு இல்லை. சாயங்காலம் ஆடிய பிள்ளைக்கு நடுராத்திரியில்கூடச் சர்க்கரை இறங்கும், அன்றிரவு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கை முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறது. சர்க்கரை 300-ஐத் தாண்டுகிறது.

வலியும் அசைவின்மையும் ஏற்றுகின்றன. சாப்பாடு குறைந்தாலும் இன்சுலினை நிறுத்தாதீர்கள். கீட்டோன் பாருங்கள், டோஸைக் கூட்ட உங்கள் டாக்டரை அன்றே கேளுங்கள். சர்க்கரை இப்படியே நின்றால் முறிந்த எலும்பு ஒட்டவும் தாமதமாகும்.

சரியாக ஊசி போட்டும் எடை ஏறவில்லை, அடிக்கடி ஹைப்போ வருகிறது. எலும்பும் பலவீனமாகுமா?

சீலியாக் நோய் (கோதுமையில் உள்ள குளூட்டன் குடலைக் கெடுக்கும் நோய்) இருக்கிறதா என்று பாருங்கள். டைப் 1 பிள்ளைகளிடம் அது மற்றவர்களைவிட அதிகம். குடல் கெட்டு, கால்சியமும் விட்டமின் டியும் உறிஞ்சப்படாமல் போகும். இந்த நோயைக் கண்டுபிடிக்கும் டி.டி.ஜி ஐ.ஜி.ஏ ரத்தப் பரிசோதனையோடு மொத்த ஐ.ஜி.ஏ அளவையும் கேளுங்கள். அது இயல்பிலேயே குறைவாக இருந்தால் முதல் சோதனை ஏமாற்றிவிடும். நோய் உறுதியாகும்வரை கோதுமையை நிறுத்த வேண்டாம். முன்கூட்டியே நிறுத்தினால் நோய் இருந்தும் ரிசல்ட்டில் இல்லை என்று வரும்.