திருமண வரவேற்பு: விருந்து, கேக், தோழியர் உடை – கேள்வி பதில்

கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் நடைபெறும் திருமண வரவேற்புகளுக்குக் கேக் செய்து கொடுப்பதும் விருந்து ஒழுங்குகளை மேற்பார்வை செய்வதும் என் தொழில். அவை பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். தோழியரின் உடை பற்றியும் சொல்வேன். மண்டபங்களின் பெயர், விலைப்பட்டியல், நல்ல நேரம் ஆகியவற்றை என்னிடம் கேட்க வேண்டாம்.

கேள்வி (மானிப்பாய், மணமகளின் அண்ணன்): தங்கையின் வரவேற்புக்கு 400 பேரை அழைக்கிறோம். பெட்டிகளில் கொடுப்பதற்கு எத்தனை கிலோ றிச் கேக் செய்விக்க வேண்டும்? எப்போது செய்விக்க வேண்டும்?

ஒரு துண்டுக்கு 40 கிராம் என்று வைத்துக்கொண்டால் ஒரு கிலோவில் 25 துண்டுகள் வரும். ஆகவே 400 பெட்டிகளுக்கு 16 கிலோ போதும் என்று கணக்குச் சொல்லும். ஆனால் தட்டின் ஓரங்கள் வெட்டி நீக்கப்படும் என்பதையும், வரமுடியாமல் போன உறவினருக்கும் அயலவருக்கும் அலுவலகத்துக்கும் மறுநாள் பெட்டிகள் அனுப்பப்படும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 19 கிலோவுக்குக் குறையாமல் செய்விப்பதே நல்லது.

காலத்தைப் பொறுத்தவரை, திருமணத்துக்கு ஒரு மாதம் முன்பே சுட்டு வைக்கலாம். நம்முடைய றிச் கேக்கில் கோதுமை மாவுக்குப் பதிலாக வறுத்த ரவை சேர்க்கிறோம். நறுக்கிய கஜு, முந்திரிகை வற்றல், சுல்தானா, சீனிப்பாகில் ஊறிய நீற்றுப்பூசணி, சௌசௌ, இஞ்சி ஆகியவை அந்த ரவையை விடப் பல மடங்கு அதிகமாக இருக்கும். பழங்களை நாட்கணக்கில் பிராண்டியில் ஊறவிட்டு, ஏராளமான முட்டை மஞ்சட்கருவும் பட்டரும் சேர்த்து, தட்டின் உட்புறத்தில் பல மடிப்புக் காகிதம் விரித்து, குறைந்த சூட்டில் நீண்ட நேரம் சுட்டெடுப்பதால், அது கெடுவதற்குப் பதிலாக நாளாக ஆகச் சுவை கூடும். சூடு முற்றாக ஆறிய பின்னரே சுற்றிவைக்க வேண்டும். இளஞ்சூட்டில் சுற்றினால் உள்ளே நீர் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். துண்டுகளாக வெட்டிப் பெட்டியில் இடும் வேலையைத் திருமணத்துக்கு முந்திய மூன்று நாட்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். துண்டுகளின் எடையையும் எண்ணிக்கையையும் ஒப்படைக்கும் நாளையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி (மட்டக்களப்பு): றிச் கேக்கும் லவ் கேக்கும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. லவ் கேக்கிலும் ரவை, கஜு, சீனிப்பாகில் ஊறிய நீற்றுப்பூசணித் தோசி ஆகியவை உண்டு என்றாலும், உலர்ந்த பழங்கள் இல்லை. பன்னீர், தேன், ஏலம் ஆகியவற்றின் மணமே அதில் மேலோங்கி நிற்கும். மேற்புறம் மொறுமொறுப்பாகவும் உட்புறம் ஈரமாகவும் இருக்க வேண்டிய பண்டம் என்பதால் அதைப் பெட்டியில் அடைத்து நாட்கணக்கில் வைப்பது பொருந்தாது.

கேள்வி (நல்லூர், மணமகனின் தாய்): எங்கள் உறவினரில் பாதிப்பேர் சைவ உணவுக்காரர், முட்டையும் தொடமாட்டார்கள். முட்டை இல்லாமல் றிச் கேக் செய்ய முடியுமா, அம்மா?

முட்டை சேர்க்காத பழக் கேக் செய்யலாம். ஆனால் அது றிச் கேக் ஆகாது. மஞ்சட்கருவும் பட்டரும்தான் அந்த ரவையையும் பழங்களையும் பிடித்து வைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்றை நீக்கிவிட்டு டின்பால் சேர்த்துச் சுட்டால் வெட்டும்போது உதிரும். அத்தனை நாள் தாங்கவும் மாட்டாது. ஆகையால் அவர்களுக்கென்று தனியாகப் பயற்றம் பணியாரமும் முறுக்கும் இட்ட பெட்டிகளைச் செய்வித்து, வேறு நிற நாடா கட்டி, மண்டப வாசலில் அவற்றைக் கொடுப்பதற்கு உறவினரை அடையாளம் தெரிந்த ஒருவரை நிறுத்துங்கள். எந்த நிறம் எதற்கு என்று பெட்டியின் மேலும் அச்சிட்டுவிடுங்கள். சைவ விருந்தினரின் கையில் முட்டையும் பிராண்டியும் சேர்ந்த துண்டைக் கொடுத்துவிட்டுப் பின்னர் வருந்துவதில் பயனில்லை.

கேள்வி (வத்தளை, மணமகள்): ஐந்து அடுக்குக் கேக் வைக்கலாம் என்றார்கள். பிறகுதான் தெரிந்தது, அதில் நான்கு அடுக்கு கேக்கே அல்ல, ரெஜிபோம் என்னும் வெண்ணிற நுரைப்பலகை என்று. வந்திருப்பவர்கள் முன்னால் இப்படி நடிப்பது ஏமாற்று வேலை அல்லவா?

ஏமாற்று வேலை என்று நான் கருதவில்லை. விருந்தினர் உண்ணப்போகும் கேக் ஏற்கெனவே வெட்டப்பட்டுப் பெட்டிகளில் காத்திருக்கிறது. மேடையில் நிற்பது அலங்காரம். இந்த வழக்கம் நாம் கண்டுபிடித்ததும் அல்ல. விக்டோரியா மகாராணியின் மூத்த மகளுக்கு 1858ஆம் ஆண்டு திருமணம் நடந்தபோது, அந்தக் கேக்கின் அடித்தட்டு மட்டுமே உண்மையான கேக்காக இருந்தது. மேலடுக்குகள் முழுவதும் சீனிச் சிற்பம். எல்லா அடுக்குகளும் உண்ணத்தக்க கேக்காக அமைந்தது 1882இல் இளவரசர் லியோபோல்டின் திருமணத்தில்தான்.

மீண்டும் அதே மணமகள்: அரச குடும்பம் செய்தது என்பதற்காக அது சரியாகிவிடுமா? அடுக்கு வேண்டாம் என்றால் ஒரே தட்டு வைக்கலாமே.

தாராளமாக வைக்கலாம். ஒரே தட்டு உண்மைக் கேக்கை மலர்களுக்கு நடுவே வைத்த மேடைகள் நான் செய்தவற்றுள் அழகானவை.

குறுக்கிட்ட ஒருவர் (தெஹிவளை): ஐந்து அடுக்கும் உண்மையான கேக்காகவே செய்யலாமே. லண்டனில் என் மகளுக்கு அப்படித்தான் செய்தார்கள்.

லண்டனின் தட்பவெப்பம் வேறு. றிச் கேக் மிகவும் கனமானது. எலிசபெத் இளவரசிக்கு 1947 நவம்பரில் செய்யப்பட்ட நான்கு அடுக்குக் கேக் 9 அடி உயரமும் 500 இறாத்தல் எடையும் கொண்டது என்பதிலிருந்து அந்தக் கனத்தை ஊகித்துக்கொள்ளலாம். ஒவ்வோர் அடுக்குக்கும் கீழே பலகையும் தாங்குகோல்களும் வைத்து, இறுகிய ஐசிங் பூசி, கொழும்பின் புழுக்கத்தில், குண்டும் குழியுமான வீதி வழியாக மண்டபத்துக்குக் கொண்டுசேர்ப்பது இயலாத காரியம் அல்ல. ஆனால் அதற்குச் செலவாகும் பணத்தை விருந்தில் இட்டால் வந்தவர்கள் வாழ்த்துவார்கள்.

மற்றொருவர் (கொட்டாஞ்சேனை): என் மைத்துனியின் திருமணத்தில் வாடகைக் கேக் வைத்தார்கள். எத்தனை திருமணம் கண்ட கேக்கோ! இதையுமா நியாயம் என்கிறீர்கள்?

இங்கேதான் நான் உங்கள் பக்கம் வருகிறேன். 1940இல் பிரித்தானிய அரசு கேக்கின் மேல் சீனி ஐசிங் இடுவதைத் தடைசெய்தபோது, சிறிய கேக்கை அட்டையால் செய்த பெரிய கேக் கூட்டுக்குள் மறைத்துவைத்தார்கள். அந்தக் கூடு வாடகைக்கும் கிடைத்தது. அது போர்க்காலத் தட்டுப்பாடு. இன்று நான் ரெஜிபோமை எதிர்க்கவில்லை. எதிர்ப்பது மூன்று வழக்கங்களை. ரெஜிபோம் அடுக்குக்கு உண்மைக் கேக்கின் விலையை வாங்குவது முதலாவது. பழைய ஐசிங்கின் மேல் தூசியும் கரப்பான் எச்சமும் படிந்திருக்க, அதன்மேல் புதுப்பூச்சுப் பூசி மறைப்பது இரண்டாவது. மூன்றாவதுதான் மிகவும் கேவலமானது: மணமக்கள் கத்தி வைக்கும் இடத்தில்கூட உண்மைக் கேக் இல்லாமல், பக்கத்துத் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஊட்டச் சொல்வது. வெட்டும் அடுக்கு முழுவதும், அல்லது குறைந்தது ஓர் ஆப்பளவு, உண்மைக் கேக்காக இருக்க வேண்டும். கத்தி எங்கே இறங்க வேண்டும் என்பதற்கு ஒரு மலரோ நாடாவோ அடையாளமாக இருக்க வேண்டும். எந்த அடுக்கு உண்மை, எது வாடகை என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

அதே தெஹிவளைக்காரர்: ஆனாலும் என் மகளின் கேக்கில்...

உங்கள் மகளின் கேக் நன்றாகவே இருந்திருக்கும், ஐயா. அடுத்த கேள்விக்குப் போகலாம்.

கேள்வி (பருத்தித்துறை): 250 பேருக்கு எத்தனை கிலோ கேக் தேவை?

முதற் பதிலில் உள்ள கணக்கை அப்படியே போடுங்கள்: 250 பேருக்கு 10 கிலோ, வெட்டுக்கழிவுக்கும் மேலதிகத்துக்கும் 2 கிலோ.

கேள்வி (நீர்கொழும்பு, மணமகன்): கடற்கரையில் திறந்தவெளி வரவேற்பு வைக்கிறோம். பட்டர் ஐசிங் கேட்கிறார் என் வருங்கால மனைவி.

மாலை ஆறு மணிக்குப் பிறகு என்றால் யோசிக்கலாம். நான்கு மணி என்றால் வேண்டாம். பட்டர் ஏறக்குறைய 32 பாகை செல்சியஸிலிருந்து 35 பாகைக்குள் உருகும் பொருள். உருகுவதற்கு முன்பே இளகி, பூவேலையின் விளிம்புகளை இழந்துவிடும். மாவுபோல் விரித்துக் கேக்கைப் போர்த்தும் சீனிப்பூச்சான பொண்டன்ட் தாங்குமே என்று கேட்பீர்கள். சீனி ஈரத்தை உறிஞ்சும் என்பதால் கடற்காற்றில் அது பிசுபிசுக்கும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்ததும் மேற்பரப்பில் நீர்த்துளி படியும். முட்டை வெள்ளைக்கருவில் ஐசிங் சீனி அடித்துச் செய்யும் இறுகிய ஐசிங்தான் நம் காலநிலையில் பழகிய பொருள். கேக்கைக் கூரைக்குக் கீழே, விளக்கின் வெப்பம் படாத இடத்தில், மணமக்கள் வருவதற்குச் சற்று முன்னர் மட்டும் வையுங்கள்.

கேள்வி (வெள்ளவத்தை, மணமகளின் தந்தை): ஹோட்டலில் பஃபே. 300 பேர். தேவாலயத்தில் நான்கு மணிக்குத் திருமணம், ஏழு மணிக்கு வரவேற்பு. உணவு விடயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

பட்டியலில் என்ன இருக்கிறது என்பதைவிட, எத்தனை மணிக்கு மூடி திறக்கப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். திருமணம் முடிந்ததும் மணமக்களைப் படப்பிடிப்பாளர் எங்கேயோ அழைத்துச் செல்வார். ஏழு மணிக்கு வந்த விருந்தினர் சிறு பிள்ளைகளோடும் நீரிழிவுள்ள முதியவர்களோடும் ஒன்பதரை மணிவரை வெறும் குளிர்பானத்துடன் அமர்ந்திருப்பார்கள். பசித்திருப்பவரைக் காக்கவைக்கும் வரவேற்பு வரவேற்பே அல்ல. விருந்தினர் அமர்ந்த கால் மணி நேரத்துக்குள் பட்டிஸ், கட்லட், ரோல்ஸ் ஆகியவை மேசைகளுக்கு வரவேண்டும். மணமக்கள் வந்தாலும் வராவிட்டாலும் எட்டரை மணிக்கு உணவு திறக்கப்படும் என்பதை ஹோட்டலிடமும் படப்பிடிப்பாளரிடமும் எழுத்தில் வாங்குங்கள்.

மூடி திறக்கத் தாமதமாவது நாகரிகக் குறைவு மட்டுமல்ல. சமைத்த சோறு வெதுவெதுப்பாக நீண்ட நேரம் கிடந்தால், சமையலில் சாகாத நுண்ணுயிர் வித்துகள் முளைத்து நஞ்சு உண்டாக்கும்; அந்த நஞ்சு மீண்டும் சூடாக்குவதால் போவதில்லை. ஆகவே சூடான உணவு 60 பாகைக்கு மேலும், மயோனைஸ் சேர்த்த சலாதும் கடலுணவும் 5 பாகைக்குக் கீழும் இருக்க வேண்டும். பெரிய தட்டை நிரப்பி வைப்பதற்குப் பதிலாகச் சிறிது சிறிதாகக் கொண்டுவந்து நிரப்பச் சொல்லுங்கள். இரு பக்கமும் நின்று பரிமாறிக்கொள்ளத்தக்க வரிசைகள் 300 பேருக்குக் குறைந்தது மூன்று வேண்டும். ஒரே வரிசை என்றால் கடைசி மேசை பத்தரை மணிக்குத்தான் சாப்பிடும். சைவ உணவுக்குத் தனி மேசையும் தனிக் கரண்டிகளும் கேளுங்கள். எத்தனை பேருக்குக் குறைந்தபட்சக் கட்டணம் என்பதையும் ஒப்பந்தத்தில் பாருங்கள்; 300 என்று எழுதிக் கொடுத்து 240 பேர் வந்தாலும் 300 பேருக்கே பணம் கேட்பார்கள்.

கேள்வி (மன்னார்): பௌர்ணமி தினத்தில் வரவேற்பு வைத்தால் மது வழங்கலாமா?

போயா தினத்தில் மது விற்பனைக்குச் சட்டத் தடை உண்டு; ஹோட்டல் தராது. நாளை மாற்றுங்கள், அல்லது மதுவை மறந்துவிடுங்கள்.

கேள்வி (கல்முனை, மணமகளின் நண்பி): என் கத்தோலிக்கத் தோழியின் திருமணத்துக்கு எங்கள் பக்கத்திலிருந்து முஸ்லிம் குடும்பங்கள் பல போகின்றன. கேக்கில் எங்களுக்கு எதெல்லாம் ஆகாது?

பிராண்டியில் ஊறிய றிச் கேக் ஆகாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பலர் கவனிக்காதது பொண்டன்ட். அதில் பெரும்பாலும் ஜெலட்டின் சேர்ந்திருக்கும், அது எந்த விலங்கிலிருந்து பெறப்பட்டது என்று விசாரிக்க வேண்டும். பழங்களைத் தோடம்பழச் சாற்றில் ஊறவைத்துத் தனித் தட்டாகச் சுடுவிக்கலாம். ஆனால் பத்து நாட்களுக்குள் முடித்துவிட வேண்டும். உங்கள் வீட்டுத் திருமணங்களில் ஆறு பேர் சஹன் என்னும் ஒரே பெரிய தட்டைச் சுற்றி அமர்ந்து உண்ணும் வழக்கத்தில் யாரும் வரிசையில் நிற்பதில்லை என்பதை, மேலே பஃபே பற்றிக் கேட்ட தந்தைக்கு நினைவூட்ட விரும்புகிறேன்.

கேள்வி (மொரட்டுவை, மணமகள்): ஐந்து தோழியருக்கு ஒரே நிறச் சேலை எடுக்க வேண்டும். இரண்டு பேர் கனடாவிலிருந்து வருகிறார்கள். அவர்களை அங்கேயே வாங்கச் சொல்லலாமா?

வேண்டாம். ஒரே நிறத்தின் பெயர் இரு கடைகளில் இரு நிறமாக இருக்கும். ஒரே கடையில்கூட வேறு வேறு சாயத் தொகுதியில் தோய்ந்த துணி படத்தில் பிரிந்து தெரியும். ஐந்து சேலைகளையும் சட்டைத் துணியையும் ஒரே நாளில் ஒரே தொகுதியிலிருந்து எடுத்து, கடை விளக்கில் மட்டுமன்றி வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்திலும் பாருங்கள். கனடாவில் இருப்பவர்களின் அளவை அங்குள்ள தையற்காரர் எடுத்து அனுப்பட்டும்; இங்கே பக்கத் தையலில் துணியை அதிகம் விட்டுத் தைத்துவைத்தால், வந்த பின் இறுக்கவோ தளர்த்தவோ முடியும். தேவாலயம் என்பதால் கை வைத்த சட்டையே பொருந்தும். ஜோர்ஜெட் உடலோடு அழகாக விழும், ஆனால் வழுக்கும். ஊசிகள் நிறைய வேண்டும். பட்டு ஊசி கேட்காது, வியர்வை கேட்கும். சேலை கட்டிப் பழக்கமில்லாதவர்களுக்கு மடிப்புகளை முன்கூட்டியே தைத்துவிடுங்கள். மலர்ச் சிறுமிகளின் உடையை மட்டும் முன்கூட்டித் தைக்காதீர்கள். பிள்ளைகள் வளர்வார்கள், கடைசி இரண்டு வாரத்தில் அளவு எடுங்கள்.

கேள்வி (சுன்னாகம்): நாங்கள் இந்துக்கள். எங்கள் தோழிக்கும் இதே விதிதானா?

உங்கள் வழக்கில் தோழியாக நிற்பவர் பெரும்பாலும் மணமகனின் சகோதரி. மணவறைக்கு வருபவர் அவர் ஒருவரே. ஒரே நிறத்தைப் பற்றிக் கவலைப்படாமல் நல்ல பட்டு கட்டட்டும். மணமகளின் கூறைச் சேலையின் நிறத்தை மட்டும் தவிர்க்கட்டும்.

கேள்வி (சிலாபம்): 500 பேருக்குக் கேக் எத்தனை கிலோ?

25ஆல் வகுத்து, அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். இந்தக் கணக்கை இனிமேல் யாரும் என்னிடம் கேட்க வேண்டாம்.

கேள்வி (புத்தளம்): தவக்காலத்தில் திருமணம் வைக்கலாமா?

பங்குத் தந்தையிடம் கேளுங்கள்.

கேள்வி (பம்பலப்பிட்டி): மிஞ்சிய உணவை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா?

பல ஹோட்டல்கள் அனுமதிப்பதில்லை. முன்பே பேசி எழுத்தில் வாங்கினால்தான் உண்டு. அனுமதித்தாலும், பஃபேயில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்த சோற்றையும் கடலுணவையும் சலாதையும் எடுக்காதீர்கள். சமையலறையில் பரிமாறப்படாமல் சூடாக மூடியிருந்த கறிகளை ஆழமற்ற பாத்திரங்களில் பிரித்து ஆறவைத்து, அன்றிரவே குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.