கிளிமஞ்சாரோ ஏற மூன்றரை லட்சம் போதுமா?

கேள்வி: ஈரோட்டில் கூட்டுறவு வங்கியில் வேலை செய்கிறேன், வயது 41. அடுத்த ஜனவரியில் நண்பரோடு தான்சானியா போய் கிளிமஞ்சாரோ ஏறலாம் என்று இருக்கிறேன். ஆளுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். ஒரு நிறுவனம் மச்சாமே பாதையில் 6 நாளுக்கு 1,250 டாலர் கேட்கிறது. இன்னொன்று லெமோஷோ பாதையில் 8 நாளுக்கு 2,150 டாலர். இரண்டுமே வேறு ஆட்களோடு சேர்ந்து போகும் குழுப் பயணம்தான். ஏறப்போவது ஒரே மலை, 900 டாலர் வித்தியாசம் ஏன்? இது போக வேறு என்னென்ன செலவு வரும்?

பதில்: விலையைக் கீழேயிருந்து கூட்டிக்கொண்டு வந்து பார்த்தால் உங்கள் முதல் கேள்விக்கு விடை தானாகக் கிடைத்துவிடும். கிளிமஞ்சாரோவில் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் ஏற அனுமதி கிடையாது. மலை முழுவதும் தேசியப் பூங்கா என்பதால் அரசுக் கட்டணமும் கட்டாயம். வெளிநாட்டு வயதுவந்தோருக்கு நாளொன்றுக்கு 70 டாலர் நுழைவுக் கட்டணம், கூடாரத்தில் தங்கும் ஒவ்வொரு இரவுக்கும் 50 டாலர், மீட்புக் கட்டணம் ஒருமுறை 20 டாலர், இவற்றின் மேல் 18 சதவீத வரி. இதில் எந்த நிறுவனமும் பேரம் பேச முடியாது.

இப்போது உங்கள் 6 நாள் திட்டத்தைப் போட்டுப் பாருங்கள். 6 பகலுக்கு 420, 5 இரவுக்கு 250, மீட்புக்கு 20. மொத்தம் 690, வரியோடு 814 டாலர். அதாவது நீங்கள் கொடுக்கும் 1,250 டாலரில் 814 நேராகப் பூங்காவுக்குப் போய்விடுகிறது. மிச்சம் 436. அதற்குள் 6 நாள் சாப்பாடு, கூடாரம், சமையல் எரிவாயு, மலையடிவாரத்து மோஷி நகரிலிருந்து வண்டி, ஏறுவதற்கு முன்னும் பின்னும் ஹோட்டல், வழிகாட்டிகள், சமையல்காரர், சுமை தூக்கும் போர்ட்டர்கள் என எல்லோருடைய சம்பளம், கடைசியில் நிறுவனத்தின் லாபம். ஒரு ஆளுக்கு மூன்று போர்ட்டருக்குக் குறையாமல் வேண்டும். ஒரு போர்ட்டருக்கு நாளொன்றுக்கு 20,000 தான்சானிய ஷில்லிங்காவது கொடுக்க வேண்டும். ஏறத்தாழ 8 டாலர். மூன்று பேருக்கு 6 நாளில் அதுவே 144 டாலர் ஆகிவிடும். ஹோட்டல், வண்டி, சாப்பாடு என்று கழித்துக்கொண்டே வந்தால் இந்தக் கணக்கு இடிக்கும். கணக்கை நேராக்க இரண்டே வழிதான் இருக்கிறது. போர்ட்டர் கூலியில் கை வைப்பார்கள், அல்லது ஆட்களைக் குறைத்து இருப்பவர்கள் தலையில் சுமையை ஏற்றுவார்கள்.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் விலைப்பட்டியலில் இது தெரியாது. மலை அடிவாரத்தில் நுழைவாயிலில் தராசு இருக்கும். ஒவ்வொரு மூட்டையையும் தூக்கி மாட்டி எடை பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். ஒருவர் 20 கிலோவுக்கு மேல் சுமக்கக்கூடாது என்பது பூங்கா விதி. உங்கள் பையை 15 கிலோவுக்குள் வைக்கச் சொல்வது அதனால்தான். ஆனால் விதி வாசலோடு நின்றுவிடக்கூடாது. மச்சாமே, லெமோஷோ பாதைகளில் 3,995 மீட்டரில் உள்ள கராங்கா முகாமுக்குக் கீழே ஓடும் பள்ளத்தாக்கு நீரோடைதான் கடைசித் தண்ணீர். அதற்கு மேலே 4,673 மீட்டரில் இருக்கும் பராஃபு முகாமில் நீங்கள் குடிக்கும் தேநீர், சாப்பிடும் சூப், உச்சிக்குக் கிளம்பும்போது பாட்டிலில் நிரப்பும் தண்ணீர் எல்லாமே அந்த ஓடையிலிருந்து ஒருவர் கேனில் சுமந்து மேலே கொண்டுவந்ததுதான். அந்த ஆளுக்கு மூன்று வேளை சாப்பாடும் குளிர் தாங்கும் கூடாரமும் கிடைக்கிறதா என்பதை உங்கள் நிறுவனம்தான் தீர்மானிக்கிறது. மோஷியில் கிளிமஞ்சாரோ போர்ட்டர்கள் உதவித் திட்டம் என்று ஓர் அமைப்பு உண்டு, சுருக்கமாகக் கேபாப் என்பார்கள். கூலி, உணவு, சுமை, தங்கும் வசதி இவற்றைக் கண்காணித்து, ஒழுங்காக நடத்தும் நிறுவனங்களின் பட்டியலை வெளியிடுகிறது. உங்கள் இரண்டு நிறுவனங்களும் அதில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இல்லாத நிறுவனம் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

சரி, 2,150 டாலர் திட்டத்துக்கு வருவோம். 8 பகல், 7 இரவு, மீட்பு எல்லாம் சேர்த்து 930, வரியோடு 1,097 டாலர். மிச்சம் 1,050 சொச்சம். இதில் நியாயமாக எல்லோருக்கும் சம்பளம் கொடுத்து நடத்த முடியும். 900 டாலர் வித்தியாசத்தில் 283 டாலர் வெறும் பூங்காக் கட்டணம்தான், அதுவும் இரண்டு நாள் கூடியதால். மற்றது பெரும்பாலும் ஆட்களுக்கும் தரத்துக்கும் போகிறது.

உங்களிடம் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் நாட்கள் பற்றியது. கிளிமஞ்சாரோ 5,895 மீட்டர். கயிறு கட்டி ஏறும் மலை இல்லை, நடந்தே போகலாம். உச்சியைத் தொடாமல் திரும்பி வருகிறவர்கள் பெரும்பாலும் கால் வலியால் திரும்புவதில்லை. உடம்பு உயரத்துக்குப் பழகாமல் தலைவலியும் வாந்தியுமாகத்தான் திரும்புகிறார்கள். மச்சாமேயில் 6 நாள் என்றால் பராங்கோ முகாமிலிருந்து கிளம்பி, பாறைச் சுவரில் ஏறி, கராங்காவில் நிற்காமல் ஒரே மூச்சில் பராஃபுவுக்குப் போக வேண்டும். மாலை களைத்துப்போய்ச் சேர்ந்து, இரண்டு வாய் சாப்பிட்டு, சில மணி நேரம் படுத்துவிட்டு நள்ளிரவில் உச்சிக்குக் கிளம்ப வேண்டும். 7 நாள் என்றால் நடுவில் கராங்காவில் ஒரு இரவு தூங்குவீர்கள், மறுநாள் மதியத்துக்குள் பராஃபு, சாயங்காலம் வரை ஓய்வு. இந்த ஒரு நாளுக்குப் பூங்காக் கட்டணம் வரியோடு 142 டாலர். ஆட்கூலி, சாப்பாடு சேர்த்தால் இன்னும் கொஞ்சம். மொத்தச் செலவில் எங்கே வேண்டுமானாலும் சிக்கனம் பிடியுங்கள், இந்த நாளில் மட்டும் பிடிக்காதீர்கள். அங்கே போய்ச் சேரவே லட்சக்கணக்கில் செலவழித்துவிட்டு இந்த 142 டாலருக்காக உச்சியை விட்டுவிட்டு வருவது எனக்கு மனம் ஒப்பாத விஷயம். பாதியில் இறங்கினால் பணமும் திரும்பி வராது.

அடுத்தது டிப்ஸ். பலர் இதை விருப்பப்பட்டால் கொடுக்கலாம் என்று நினைத்துப் பட்ஜெட்டில் சேர்ப்பதே இல்லை. அங்கே அது வருமானத்தின் ஒரு பகுதி. தலைமை வழிகாட்டிக்கு நாளொன்றுக்கு 20 டாலர், துணை வழிகாட்டிக்கு 15, சமையல்காரருக்கு 12, போர்ட்டருக்கு 8 என்பது நியாயமான அளவு. இது ஒவ்வொரு பயணியும் தனித்தனியாகக் கொடுப்பது இல்லை, குழு மொத்தமாகக் கொடுப்பது. ஆறு பேர் கொண்ட குழுவில் ஒரு தலைமை வழிகாட்டி, இரண்டு துணை, ஒரு சமையல்காரர், 19 போர்ட்டர் என்று வையுங்கள். 7 நாளுக்கு மொத்தம் 1,498 டாலர், தலைக்கு 250. அதுவே நீங்களும் நண்பரும் மட்டும் தனிக்குழுவாகப் போனால், ஒரு துணை வழிகாட்டியும் 7 போர்ட்டரும் வைத்துக் கணக்கிட்டால்கூட 721 டாலர், தலைக்கு 360. அதனால் குழுவோடு சேரும் உங்கள் முடிவு நல்ல முடிவு. பணத்தை உறையில் போட்டு மொத்தமாகத் தலைமை வழிகாட்டியிடம் கொடுக்காதீர்கள். கடைசி நாளில் எல்லோரும் கூடியிருக்கும்போது யாருக்கு எவ்வளவு என்று சத்தமாகச் சொல்லி, கையில் கொடுங்கள். ஷில்லிங்காகக் கொடுத்தால் மாற்றும்போது அவர்களுக்கு நஷ்டம் இல்லை. டாலர் என்றால் பழைய நோட்டு, மடிந்த நோட்டு, கிழிந்த நோட்டு செல்லாது. புதிய வரிசை நோட்டாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

காப்பீட்டில் அவசரப்படாதீர்கள். வழக்கமான வெளிநாட்டுப் பயண பாலிசிகளில் பெரும்பாலானவை உயரமான மலையேற்றத்தை விலக்கி வைத்திருக்கும், அது சின்ன எழுத்தில் இருக்கும். 6,000 மீட்டர் வரை மலை நடைப் பயணம் சேர்த்தி, ஹெலிகாப்டர் மீட்பும் சேர்த்தி என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு பணம் கட்டுங்கள். பூங்காவுக்குக் கட்டும் 20 டாலர் மீட்புக் கட்டணம் ஸ்ட்ரெச்சரில் கீழே கொண்டுவருவதற்குத்தான். ஹெலிகாப்டர் அதில் வராது.

உடுப்பு, சாமான் விஷயத்தில்தான் நிறையப் பேர் தேவையில்லாமல் செலவழிக்கிறார்கள். ஷூவை மட்டும் இங்கேயே வாங்கி, இரண்டு மாதமாவது போட்டு நடந்து பழக்குங்கள். புது ஷூவோடு மலைக்குப் போனால் இரண்டாம் நாளே கொப்புளம் வந்துவிடும். உள்ளாடை, சாக்ஸ், கையுறை, தலை விளக்கு இவையும் சொந்தமாக இருக்கட்டும். உச்சி இரவில் மைனஸ் 15 டிகிரிக்கும் கீழே போகலாம். அதற்கேற்ற தூங்கும் பையையும் தடித்த ஜாக்கெட்டையும் வாங்கினால் ஈரோட்டுக்குத் திரும்பி வந்தபின் அலமாரியில்தான் கிடக்கும். மோஷியில் வாடகைக்குக் கிடைக்கின்றன. கிளம்பும் முன்தினம் மாலையே வாங்கி, ஜிப் வேலை செய்கிறதா, ஈர வாடை அடிக்கிறதா என்று விரித்துப் பாருங்கள்.

ஒரு டாலர் 90 ரூபாய் என்று வைத்து, குழுவோடு 7 நாள் மச்சாமே பாதைக்கு என் கணக்கு இது. நல்ல நிறுவனத்தில் 1,900 டாலர் அளவில் கிடைக்கும், அது 1,71,000 ரூபாய். விமானத்துக்கு 65,000 ஒதுக்குங்கள். முன்கூட்டியே எடுத்தால் குறையலாம். நைரோபிக்கு டிக்கெட் மலிவாக இருக்கிறதே என்று அங்கே இறங்கி பஸ்ஸில் போகிறவர்களும் உண்டு, ஆனால் கென்ய நுழைவு அனுமதிக்குத் தனிப் பணம், ஒரு பகல் முழுக்கப் பயணம் என்று கணக்கிட்டால் மிச்சம் அதிகமில்லை. தான்சானியா விசா 50 டாலர், 4,500 ரூபாய். டிப்ஸ் 22,500. காப்பீடு 7,000. ஷூ, துணி, வாடகைச் சாமான் எல்லாம் சேர்த்து 30,000. மோஷியில் கூடுதல் ஓர் இரவு, வெளிச் சாப்பாடு 8,000. தடுப்பூசி, மருந்து 2,000. இதுவரை 3,10,000. இதன்மேல் 30,000 தொடாமல் கையில் இருக்கட்டும். சீக்கிரம் இறங்கிவந்தால் கூடுதல் ஹோட்டல், டிக்கெட் தேதி மாற்றம், அங்கே கார்டில் பணம் கட்டினால் வாங்கும் கூடுதல் சதவீதம், நம்முடைய வங்கி அந்நியச் செலாவணிக்குப் பிடிக்கும் கட்டணம், இதெல்லாம் அதிலிருந்துதான் போகும். மொத்தம் 3,40,000.

ஆக, உங்கள் மூன்றரை லட்சத்துக்குள் 7 நாள் மச்சாமே அடங்குகிறது. இரண்டாவது நிறுவனத்தின் 8 நாள் லெமோஷோ என்றால் 22,500 ரூபாய் கூடும், டிப்ஸிலும் ஒரு நாள் கூடும். மூன்று லட்சத்து அறுபத்தைந்து, அறுபத்தாறாயிரம் ஆகும். உங்களால் இன்னும் பதினைந்தாயிரம் சேர்க்க முடிந்தால் அதையே எடுங்கள், உடம்பு பழகக் கூடுதல் அவகாசம் கிடைக்கும், முதல் இரண்டு நாள் கூட்டமும் குறைவு. முடியாவிட்டால் அதே நிறுவனத்திடம் 7 நாள் மச்சாமேக்கு விலை கேளுங்கள். 1,250 டாலர் திட்டத்தை விட்டுவிடுங்கள்.

முன்பணம் அனுப்பும் முன் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் சில கேள்விகளை அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஒரு பயணிக்கு எத்தனை போர்ட்டர்? அவர்களுக்கு நாள் கூலி எவ்வளவு, எத்தனை வேளை சாப்பாடு? ஆக்சிஜன் சிலிண்டரும், விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியும் கூடவே வருமா? ஹோட்டல் இரவுகள் எத்தனை சேர்த்தி? பூங்காக் கட்டணமும் வரியும் உள்ளடங்கியதா? இந்திய ஏஜென்சி மூலம் எடுப்பதாக இருந்தால் ஜி.எஸ்.டி. சேர்த்த விலையா என்று கேளுங்கள். அவர்கள் டி.சி.எஸ். (பணம் வாங்கும்போதே வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள், அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், அந்தப் பணம் சில மாதம் முடங்கும். விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுவதால் அப்போது நடப்பில் உள்ளதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உடம்பு உயரத்துக்குப் பழக உதவும் டயமாக்ஸ் மாத்திரை எடுக்கலாமா என்று மருத்துவரிடம் இப்போதே பேசிவிடுங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர் என்றால் கட்டாயம் சொல்ல வேண்டும்.

அப்புறம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாகப் போகும் விமானம்தான் உங்களுக்கு மலிவாகக் கிடைக்கும். எத்தியோப்பியாவும் கென்யாவும் மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடுகள். அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து போனால் தான்சானியாவில் சான்றிதழ் கேட்பார்கள். திரும்பி வரும்போது நம் ஊர் விமான நிலையத்தில் இதைவிடக் கண்டிப்பு. சான்றிதழ் இல்லாதவரை 6 நாள் வரை தனிமைப்படுத்த விதி இருக்கிறது. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் போன்ற அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் மட்டும்தான் போடுவார்கள். ஊசி போட்ட 10 நாளுக்குப் பிறகுதான் சான்றிதழ் செல்லும், ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். டிசம்பர் முதல் வாரத்துக்குள் நாள் பதிவு செய்து போட்டுக்கொள்ளுங்கள். அந்த மஞ்சள் அட்டை பாஸ்போர்ட்டோடு கைப்பையில் இருக்க வேண்டும், மலைக்குப் போகும் பெரிய பையில் வேண்டாம்.