ரோட்டைத் தாண்டுவதும் திண்டிவனத்தைத் தாண்டுவதும்

கேள்வி: லண்டனிலிருந்து வந்திருக்கும் எங்கள் மேலாளருக்கு "ஐ கிராஸ்ட் யுவர் ஹோட்டல் திஸ் மார்னிங்" என்று மெசேஜ் அனுப்பினேன். என்ன சொல்ல வருகிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. கிராஸ், அக்ராஸ், பாஸ், த்ரூ, ஓவர் இதில் எது எங்கே வரும்?

பதில்: "காலையில் உங்கள் ஹோட்டலைத் தாண்டித்தான் வந்தேன்" என்று சொல்ல நினைத்திருக்கிறீர்கள், தமிழில் அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் நம்முடைய 'தாண்டு' ரொம்பப் பெரிய சொல். ரோட்டைத் தாண்டுகிறோம், சுவரைத் தாண்டுகிறோம், பஸ் திண்டிவனம் தாண்டிவிட்டது என்கிறோம், அப்பாவுக்கு அறுபது தாண்டிவிட்டது என்றும் சொல்கிறோம். இந்த நாலுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லைப் போட்டால் உங்களுக்கு நடந்ததுதான் நடக்கும்.

உங்கள் வழிக்குக் குறுக்கே கிடக்கிற ஒன்றை, ரோடோ ஆறோ நாட்டு எல்லையோ, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் கடந்தால் அது கிராஸ். ஹோட்டல் குறுக்கே கிடக்கவில்லை, வழியோரமாக நிற்கிறது. ஓரமாக நிற்பதைத் தாண்டிப் போனால் பாஸ். ஆகவே "ஐ பாஸ்ட் யுவர் ஹோட்டல்", இல்லாவிட்டால் "ஐ வென்ட் பாஸ்ட் யுவர் ஹோட்டல்". இரண்டு பாஸ்டும் காதுக்கு ஒன்றுதான், எழுதும்போது கவனம் வேண்டும்: அதுவே வினையாக வந்தால் இரண்டு எஸ் போட்டு ஈ, டி (passed), வென்ட், வாக்ட் மாதிரி ஒரு வினைக்குப் பின்னால் வந்தால் ஒரே எஸ், அப்புறம் டி (past).

பஸ் கதையும் இதேதான். "வி ஹேவ் கிராஸ்ட் திண்டிவனம்" என்றால் இந்தியாவில் யாருக்கும் புரியும், நம் ஊர் ஆங்கிலத்தில் அது ஊறிப்போன வழக்கு, அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வராது. லண்டன்காரருக்கு எழுதும்போது மட்டும் பாஸ்ட் என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஊருக்குள் நுழையாமல் வெளியே சுற்றிப்போகும் ரோட்டுக்கு பைபாஸ் என்றுதானே பெயர், அந்த பாஸ்தான் இது. பஸ் ஊருக்குள் புகுந்து கடைத்தெரு வழியாக வெளியே வந்திருந்தால் "வி கேம் த்ரூ திண்டிவனம்".

இனி அக்ராஸ். "ஐ வில் அக்ராஸ் த ரோட்" என்று எழுதுகிறவர்கள் நிறைய, நான் அதிகம் திருத்திய வாக்கியமே இதுவாகத்தான் இருக்கும். அக்ராஸ் வினை இல்லை, 'குறுக்கே' என்கிற மாதிரி ஒரு சொல். 'நான் ரோட்டுக்குக் குறுக்கே' என்று தமிழில் யாரும் நிறுத்த மாட்டோம், நடந்தேன், ஓடினேன் என்று ஒன்று வந்தாக வேண்டும். அங்கேயும் அப்படித்தான்: "ஐ வில் வாக் அக்ராஸ் த ரோட்". வினையாகவே வேண்டும் என்றால் கிராஸ் இருக்கிறது.

மிச்சத்துக்கு இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவில் கிடக்கும் ஆங்கிலக் கால்வாயைப் பாருங்கள். 1909-இல் பிரெஞ்சு விமானி பிளேரியோ விமானத்தில் போனார்: ஃப்ளூ அக்ராஸ் த சேனல், அக்ராஸுக்குப் பதில் ஓவர் போட்டால் தண்ணீருக்கு மேலே பறந்தார் என்பது இன்னும் அழுத்தமாக விழும். 1958-இல் மிஹிர் சென் நீந்தினார், நீந்திக் கடந்த முதல் இந்தியர்: ஸ்வாம் அக்ராஸ் த சேனல், இங்கே ஓவர் வரவே வராது. 1994-இல் திறந்த சுமார் 50 கிலோமீட்டர் சுரங்கத்தில் ரயில் போகிறது: த்ரூ த டன்னல், அண்டர் த சீ. மூன்று பேருக்கும் "கிராஸ்ட் த சேனல்" பொருந்தும், ஏனென்றால் கிராஸ் அக்கரைக்குப் போனதை மட்டும் சொல்லும், எப்படிப் போனது என்பதைச் சொல்லாது.

த்ரூ என்றால் சுற்றிலும் ஏதோ சூழ்ந்திருக்க வேண்டும். காடு, கூட்டம், சுரங்கம். அறுவடை முடிந்து வெறுமையாகக் கிடக்கும் வயலில் நடந்தால் அக்ராஸ் த ஃபீல்ட், அதே வயலில் இடுப்பளவு நெல் நிற்கும்போது நடந்தால் த்ரூ. நிலம் ஒன்றுதான், இப்போது இரண்டு பக்கமும் தாள் உரசுகிறது. சுவரென்றால் ஏறி இறங்குகிறோம், அதனால் கிளைம்ப்ட் ஓவர் த வால். அப்பாவின் வயதுக்கும் ஓவர் சிக்ஸ்டி போதும்.

ஒற்றைப் பாதையில் எதிர் வண்டிக்காக ரயில் காத்திருக்கும்போது 'கிராசிங்' என்கிறோமே, அது நம் ரயில்வே சொல். வெளிநாட்டுக்காரரிடம் "வெயிட்டிங் ஃபார் அனதர் டிரெயின் டு பாஸ்" என்று விரித்துச் சொல்லிவிடுங்கள்.

மேலாளருக்கு இன்றைக்கே ஒரு வரி போடுங்கள்: "சாரி, ஐ மென்ட் ஐ பாஸ்ட் யுவர் ஹோட்டல் ஆன் மை வே டு வொர்க்." அவர் "ஐம் நாட் கிராஸ்" என்று பதில் போட்டால் குழம்ப வேண்டாம், பிரிட்டிஷ்காரர்கள் பேச்சில் கிராஸ் என்றால் கோபம் என்றும் பொருள்.