பயாப்ஸிக்கு முந்தைய இரண்டு வாரங்கள்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 41. நான்கு மாதங்களாகத் தீராத அசதி. ரத்தப் பரிசோதனையில், ஈரல் புண்பட்டால் ஏறும் எஸ்.ஜி.பி.டி. என்ற நொதி இருக்க வேண்டிய அளவைப்போல ஆறு மடங்கு. ஹெபடைடிஸ் பி, சி வைரஸ் எதுவும் இல்லை. உடலே தன் ஈரலைத் தாக்கும் ஆட்டோ இம்யூன் நோயாக இருக்கலாம் என்கிறார் மருத்துவர். உடலின் சொந்த செல்களையே குறிவைக்கும் எதிர்ப்புப் பொருளான ஏ.என்.ஏ. பாசிட்டிவ். ஊசியால் ஈரலில் சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸிக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. சும்மா இருக்க முடியாமல் உப்பு, எண்ணெய், காபி எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து நடக்கிறேன். நண்பர் கொடுத்த மஞ்சள் கேப்ஸ்யூலும் ஒரு மூலிகை டானிக்கும் சாப்பிடுகிறேன். ஐந்து கிலோ இளைத்திருக்கிறேன். உறவினர்கள், "குடிப்பாயா?" என்று கேட்கிறார்கள். நான் மதுவைத் தொட்டதே இல்லை. நான் செய்வது ஒழுக்கமா, பயமா என்று எனக்கே விளங்கவில்லை.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் அந்த கேப்ஸ்யூல் டப்பாவையும் டானிக் பாட்டிலையும் மூடி வையுங்கள். குப்பையில் போட்டுவிடாதீர்கள். பயாப்ஸி நாள் வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். எந்தத் தேதியில் சாப்பிடத் தொடங்கினீர்கள் என்பதும் அவருக்கு வேண்டும். கடந்த ஆறு மாதத்தில் விழுங்கிய வலி மாத்திரை, ஆன்டிபயாடிக், சத்துப்பொடி என்று ஒன்றுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள். மருந்தாலோ மூலிகையாலோ புண்பட்ட ஈரல், ரத்தத்திலும் நுண்ணோக்கியிலும் ஆட்டோ இம்யூன் ஹெபடைடிஸ் (உடலே தாக்குவதால் வரும் ஈரல் அழற்சி) போலவே வேடம் கட்டும். சமையலில் சேரும் மஞ்சளைச் சொல்லவில்லை. செறிவூட்டிய மஞ்சள் கேப்ஸ்யூலால் ஈரல் கெட்டவர்களைப் பற்றி மருத்துவ ஏடுகளில் பதிவுகள் உண்டு. உங்கள் மருத்துவர் மண்ணில் தடம் தேடிக்கொண்டிருக்கிறார், நீங்களோ அதே மண்ணில் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறீர்கள். யாராவது நல்லெண்ணத்தில் ஸ்டீராய்டு நீட்டினாலும் அவரைக் கேட்காமல் தொடாதீர்கள். பயாப்ஸியில் தெரிய வேண்டியதை அது மறைத்துவிடக்கூடும்.

காபி என்ன பாவம் செய்தது? ஈரல் விஷயத்தில் நல்ல பெயர் வாங்கிய மிகச் சில பொருள்களில் அது ஒன்று. காபி குடிப்பவர்களுக்கு ஈரல் தழும்பேறுவது குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. உப்பைக் கடுமையாகக் குறைப்பது பெரும்பாலும் வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கான விதி. ஐந்து கிலோ இளைத்ததைச் சாதனைக் கணக்கில் எழுதாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மதுவை விடச் சொல்லலாம் என்றால், அதற்கும் நீங்கள் வழி வைக்கவில்லை.

பயம்தான், சந்தேகம் வேண்டாம். எட்டு ஆண்டுகளுக்கு முன் நானும் இப்படித்தான் ஒவ்வொன்றாக விட்டேன். இத்தனை விட்டாயிற்றே, இனியாவது என்னை விட்டுவிடு என்று யாரிடமோ பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பயாப்ஸி அன்று மருத்துவர், "மூச்சை விட்டு அப்படியே நிறுத்துங்கள்" என்றார். ஸ்டேப்ளர் அடித்ததுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். தலையைத் திருப்பிப் பார்த்தேன். சின்னக் குப்பியில் பழுப்பு நிறத்தில் ஒரு நூல் துண்டு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு சென்டிமீட்டர் இருக்கும். மொத்த ஈரலில் ஏறக்குறைய ஐம்பதாயிரத்தில் ஒரு பங்காம். ஈரக்குலை நடுங்குகிறது என்று நாம் சொல்வதன் ஒரு இழையைக் கண்ணால் பார்த்தவன் நான். பிறகு வலப்பக்கம் சாய்ந்து மணிக்கணக்கில் படுத்திருந்தேன். வலி வந்ததோ வலது தோளில்! உதரவிதானத்தின் நரம்பு அப்படி இடம் மாற்றிக் காட்டுமாம். உங்களுக்கும் வந்தால் பதறாமல் செவிலியரிடம் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின்போல ஏதாவது எடுப்பவரானால், அதை இப்போதே சொல்லிவிட வேண்டும்.

எனக்கு இருந்தது ஆட்டோ இம்யூன் ஹெபடைடிஸ்தான். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு தொடங்கிச் சில வாரங்களில் எண்கள் இறங்கின, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசாதயோபிரின் பின்னால் வந்து சேர்ந்தது. அதற்கு முந்தைய என் பட்டினி அந்த எண்களை அசைக்கக்கூட இல்லை. உங்களுக்கும் அதே நோய்தான் என்று இதை வைத்து முடிவுகட்டிவிடாதீர்கள். ஏ.என்.ஏ. ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கும் பாசிட்டிவ் ஆவதுண்டு. ரத்தத்தில் ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்புப் புரதத்தின் அளவு, மற்ற எதிர்ப்புப் பொருள்கள், அந்த நூல் துண்டு எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத்தான் பெயர் சொல்வார்கள்.

உங்கள் உறவினர்களின் கேள்வி பழைய கேள்வி. பித்தநாளங்களைத் தாக்கும் இன்னொரு ஆட்டோ இம்யூன் நோயின் பெயரிலேயே 'சிரோசிஸ்' (ஈரல் தழும்பேறிக் கெட்டிப்படுவது) என்ற சொல் ஒட்டிக்கொண்டிருந்தது. சிரோசிஸ் என்றாலே குடிதான் என்று நினைத்து, அதைக் கேட்டவர்கள் எல்லாம் குடிகாரர் என்று பார்த்தார்கள். நோயாளிகள் போராடி 2015-இல் அதை 'கோலாஞ்சைடிஸ்' (பித்தநாள அழற்சி) என்று மாற்ற வைத்தார்கள். இத்தனைக்கும் அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு நோய் கண்டறியும்போது சிரோசிஸே கிடையாது. அடுத்த முறை கேட்பவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள், ஆனால் சீக்கிரம் கிளம்பிவிடுவார்கள்.

கண் மஞ்சளானாலோ, வயிறு வீங்கினாலோ, மலம் கருத்தாலோ, பேச்சு குழறித் தடுமாற்றம் வந்தாலோ இரண்டு வாரக் கணக்கைப் பார்க்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

நடையை விட வேண்டாம். ஆனால் நான்கு மணிக்கு எதற்கு? தூங்கி எழுந்து, காபி குடித்துவிட்டு, ஆறு மணிக்குப் போங்கள். அறிக்கை வந்ததும் எழுதுங்கள்.