குளிரை விட ஈரத்துக்குப் பயப்படுங்கள்

பறவை வளர்ப்பு: வாசகர் கேள்வி – பதில்

*இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் மலை ஊர்களிலிருந்து வந்தவை. நானும் கோத்தகிரியில் பறவை வளர்க்கிறவள் என்பதால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, குளிர் ஊரில் பெரிய கூண்டு கட்டுவது பற்றி மட்டும் இந்த முறை எழுதுகிறேன்.*

கேள்வி: அம்மா, வீட்டுக்குப் பின்னால் 20 அடி நீளம், 10 அடி அகலத்தில் இடம் சும்மா கிடக்கிறது. லவ் பேர்ட்ஸ் பத்துப் பதினைந்தும் இரண்டு ஜோடி காக்டெய்ல் கொண்டைக் கிளிகளும் இப்போது ஹாலில் சின்னக் கூண்டுகளில் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே பெரிய ஏவியரியில் விட ஆசை. மார்கழிக் குளிரில் செத்துவிடும் என்கிறார் கடைக்காரர். நாலு பக்கமும் பிளாஸ்டிக் ஷீட் அடித்துவிட்டால் போதும் என்கிறார் என் கணவர். என்ன செய்யட்டும்? – வாசகி, குன்னூர்

தைரியமாகக் கட்டுங்கள். நீங்கள் லவ் பேர்ட்ஸ் என்று எழுதியிருப்பது, நம் கடைகளில் அந்தப் பெயரில் விற்கும் பட்ஜி என்ற சின்னக் கிளிகளை என்று எடுத்துக்கொள்கிறேன். ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ் என்றால் காக்டெயிலோடு சேர்த்து விடவே கூடாது. கால் விரலைக் கடித்துத் துண்டாக்கிவிடும்.

பட்ஜிக்கும் காக்டெயிலுக்கும் பூர்வீகம் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலம். அங்கே குளிர்கால இரவுகளில் வெப்பம் பூஜ்யத்தை ஒட்டி இறங்குவதும் உண்டு. அந்த உடம்புக்குக் குன்னூர்க் குளிர் பெரிய விஷயமில்லை. ஆனால் அது காய்ந்த பூமி, குன்னூர் அப்படியில்லை. ஐப்பசி, கார்த்திகையில் நாள்கணக்கில் மழை, மூடுபனி, சுவரெல்லாம் ஓதம். பறவை இறகை உப்பி, அதற்குள் காற்றை அடைத்து வைத்துத்தான் உடம்புச் சூட்டைக் காக்கிறது. இறகு நனைந்தால் அந்தக் காற்று போய்விடும், சூடும் போய்விடும். மலையில் நான் பார்த்த சாவுகளில் பெரும்பாலானவை ஈரத்தாலும் அடைப்பாலும் வந்தவைதான்.

அதனால்தான் நாலு பக்கமும் பிளாஸ்டிக் வேண்டாம் என்கிறேன். உங்கள் கணவர் அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் அத்தனை பறவைகள் இரவு முழுக்க விடும் மூச்சின் ஈரம் அந்த ஷீட்டில் படிந்து அவற்றின் மேலேயே சொட்டும். எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா வெளியேற வழியிருக்காது. ஈரத் தீவனத்திலும் தரையிலும் பூஞ்சணம் பிடிக்கும். ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் நுரையீரலிலும் காற்றுப்பைகளிலும் இறங்கிவிட்டால் வைத்தியம் பார்ப்பது மிகவும் கஷ்டம்.

உங்கள் 20 அடியை இரண்டாகப் பிரியுங்கள். 14 அடி பறக்கும் பகுதி. மீதி 6 அடி ராத்திரி அறை. பறக்கும் பகுதியில் மெஷ், ராத்திரி அறையில் நாலு பக்கமும் சுவர். பலகைச் சுவர் என்றால் இரண்டு ப்ளைவுட்டுக்கு நடுவில் தெர்மோகோல் வைத்து, விளிம்பெல்லாம் மூடி அடித்துவிடுங்கள். தெர்மோகோல் கண்ணில் பட்டால் அலகால் கொத்தித் தின்றுவிடும். கூரைக்குச் சற்றுக் கீழே, உட்காரும் கம்புக்கு மேலே, எதிரெதிராக இரண்டு காற்றுத் துளைகள் வேண்டும், மெஷ் போட்டு. காற்று தலைக்கு மேலே போக வேண்டும், பறவை மேல் வீசக் கூடாது.

நிறையப் பேர் அறையைக் கட்டிவிட்டு, "பறவை உள்ளேயே போகமாட்டேன் என்கிறது" என்று எழுதுகிறார்கள். காரணம் ஒன்றுதான். சாயங்காலம் பறவை இருப்பதிலேயே உயரமான இடத்தைத் தேடும். ராத்திரி அறையின் கம்பு வெளியில் இருக்கும் எல்லாக் கம்புகளையும் விட ஓர் அடியாவது உயரமாக இருக்கட்டும். அறைக்கு ஒரு கண்ணாடி ஜன்னலும் வையுங்கள், இருட்டு அறைக்குள் பறவை நுழையாது. கண்ணாடிக்கு உள்பக்கம் மெஷ் இருந்தால் மோதிக்கொள்ளாது. தீவனத்தை எப்போதும் உள்ளேயே வைத்தால் சில நாளில் தானாகப் போய்விடும். பொழுது சாய்ந்ததும் சின்னக் கதவைச் சாத்தினால் போதும்.

அடுத்தது திசை. குன்னூரில் பெரிய மழை வடகிழக்கிலிருந்து வருகிறது. அதனால் வடக்கை முழுக்க அடைத்து, கிழக்கில் மூன்றடி உயரத்துக்குச் சுவர் வையுங்கள். சுவருக்கு மேலே சுருட்டி இறக்கும் தார்ப்பாய் இருக்கட்டும். தெற்கும் தென்கிழக்கும் திறந்திருந்தால் மார்கழி வெயில் காலையிலேயே உள்ளே விழும். ஊட்டிக்காரர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே ஆனி, ஆடிக் காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிக்கும். இன்னொன்று, குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஊட்டியில் காந்தல், தலைக்குந்தா, குதிரைப் பந்தய மைதானம் என்று உறைபனி முதலில் விழும் இடங்கள் எல்லாம் தாழ்வான இடங்கள்தான். தோட்டத்தில் சரிவு இருந்தால் கூண்டு நடுச்சரிவில் இருக்கட்டும்.

மெஷ் அரை அங்குல வெல்டு மெஷ். அறுகோணக் கோழிவலை வேண்டாம், எலி கடித்துவிடும். துத்தநாகம் பூசிய புது ஜி.ஐ. மெஷ்ஷில் அந்தத் துத்தநாகம் பொடியாகவும் சொட்டாகவும் ஒட்டியிருக்கும். கிளி இனப் பறவைகள் கம்பியைக் கடித்துக் கடித்து அதை விழுங்கினால் விஷமாகிவிடும். வினிகர் ஊற்றி பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்துப் பிறகு மாட்டுங்கள். கையில் காசு இருந்தால் ஸ்டீல் மெஷ். மெஷ்ஷை மண்ணுக்குள் ஒன்றரை அடி இறக்கிவிடுங்கள், அல்லது தரைக்குக் கான்கிரீட் போடுங்கள். எலி, கீரி எல்லாம் அடியிலிருந்தும் வரும். மேலே கட்டாயம் ஷீட் கூரை. மெஷ் கூரை போட்டால் காட்டுப் பறவைகளின் எச்சம் உள்ளே விழும், நோயும் கூடவே வரும். ஷீட்டில் மூன்றில் ஒரு பங்கு ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட்டாக இருந்தால் வெளிச்சத்துக்குக் குறையில்லை.

வாசலுக்கு இரண்டு கதவு. நடுவில் ஒரு ஆள் நிற்கும் இடம். முதல் கதவைச் சாத்தினால்தான் இரண்டாவதைத் திறக்க வேண்டும். இதில் செலவைப் பார்க்காதீர்கள். மூடுபனியில் வெளியே பறந்த பட்ஜி திரும்பி வராது.

கடைசியாக ஒன்று. ஹாலில் இருக்கும் பறவைகளை மார்கழியில் கொண்டுபோய் வெளியில் விடாதீர்கள். சித்திரையில் விடுங்கள். மழையைப் பார்த்து, இறகு உதிர்ந்து புது இறகு முளைத்து, மெல்ல மெல்லக் குளிருக்குப் பழகி வந்தால் அந்த மார்கழியைக் கவலையில்லாமல் தாண்டிவிடும்.

கேள்வி: கூண்டு கட்டி முடித்தாயிற்று. உள்ளே என்னவெல்லாம் வைக்கலாம்? மரம், செடி வைக்கலாமா? – வாசகர், ஊட்டி

முதலில் எதை வைக்கக் கூடாது என்று சொல்கிறேன். நடுவில் ஒன்றும் வேண்டாம். பறவைக்கு நீங்கள் கொடுத்திருப்பதே அந்த நீளம்தான். ஊஞ்சலும் ஏணியும் தொங்கவிட்டு அதை மறித்துவிடாதீர்கள். இரண்டு கோடியிலும் கம்புகள், நடுவே வெறும் காற்று, அவ்வளவுதான்.

கம்புகள் கொய்யா, யூகலிப்டஸ் கிளைகளாக இருக்கட்டும், பட்டையோடு, ஒன்று பருமன் ஒன்று மெலிசு என்று. இரும்புக் குழாயும் பிளாஸ்டிக் குச்சியும் வேண்டாம். உறைபனி இரவில் இரும்பு விரலின் சூட்டை உறிஞ்சிவிடும். ராத்திரி அறையில் மட்டும் இரண்டங்குல அகலமுள்ள தட்டைப் பலகை போடுங்கள். தட்டையாக இருந்தால் விரலை நீட்டி வைத்து, வயிற்று இறகால் முழுக்க மூடிக்கொள்ளும். உருண்டைக் கம்பில் விரல் நுனிகள் வெளியே நிற்கும். கம்புக்கு நேர் கீழே தீவனத் தட்டும் தண்ணீரும் இருக்கக் கூடாது.

செடிகளில் மூங்கில், செம்பருத்தி, புல் வகைகள் நல்லது. அரளி, ஊமத்தை, உன்னிச்செடி மூன்றும் கூண்டுக்கு எட்டும் தூரத்தில் கூட வேண்டாம். ஊட்டி வேலிகளில் தொங்குமே, எக்காளம் போலப் பெரிய பூ, அதுவும் ஊமத்தை இனம்தான், அதே விஷம். வெண்ணெய்ப்பழ மரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் மலைகளில் வீட்டுக்கு வீடு அது உண்டு. அதன் பழமும் இலையும் பறவையின் இதயத்தைத் தாக்கும். கூண்டின் மேல் அதன் கிளை படர்ந்தால் வெட்டிவிடுங்கள்.

கூடு வைக்கும் பானைகளை ஐப்பசியில் எடுத்துவிட்டு, பங்குனியில் மாட்டுங்கள். பானையைப் பார்த்தால் பெட்டை முட்டையிடத்தான் பார்க்கும். கடுங்குளிரில் முட்டை வயிற்றுக்குள்ளேயே சிக்கிக்கொண்டு பெட்டை இறந்துபோவது உண்டு.

காக்டெய்ல் வைத்திருந்தால் ராத்திரி அறையில் ஒரு சின்ன இரவு விளக்கு எரியட்டும். இருட்டில் ஏதாவது சத்தம் கேட்டால் பயந்து கண்மூடித்தனமாகப் பறந்து சிறகை உடைத்துக்கொள்ளும் பறவை அது.

கேள்வி: ராத்திரியில் கூண்டுக்குள் இரும்புச் சட்டியில் கரி போட்டுக் கணப்பு வைக்கிறேன். சரிதானே? – வாசகர், கொடைக்கானல்

இன்று இரவே நிறுத்துங்கள், தயவுசெய்து. மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். மனிதர்களே அதில் தூக்கத்தில் இறந்திருக்கிறார்கள். பறவையின் மூச்சு மண்டலம் நம்முடையதை விட வேகமாகக் காற்றை இழுத்துக்கொள்ளும், அதனால் அது நமக்கு முன்னால் விழும். இதை வைத்துத்தான் பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கங்களில் 1986 வரை கேனரிப் பறவைகளைக் கொண்டுபோனார்கள். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற விஞ்ஞானி 1890-களில் சொன்ன யோசனை அது. கேனரி மயங்கினால் ஆட்கள் வெளியே ஓடிவந்தார்கள். உங்கள் பறவைகள் எங்கே ஓடும்?

சூடு வேண்டுமென்றால் வெளிச்சம் தராத செராமிக் ஹீட் எமிட்டர், அல்லது ஆயில் ஹீட்டர். இரண்டையும் கம்பி வலைக்குள் வைத்து, தெர்மோஸ்டாட்டில் 10 டிகிரிக்கு வையுங்கள். பழகிய பறவைக்கு அது தாராளம். ஒயர் முழுக்கக் குழாய்க்குள் போகட்டும். வாங்கும்போது டெஃப்ளான் வகைப் பூச்சு இல்லாததாக என்று கேட்டு வாங்குங்கள். சில ஹீட்டர் பல்புகளில் அது உண்டு. சூடேறும்போது வரும் புகை பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும்.

பகல் வெயிலிலும் ஒரு பறவை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அது குளிர் இல்லை, நோய். தனிக்கூண்டில் 30 டிகிரிச் சூட்டில் வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: அக்கா, நாங்கள் ஸ்காபரோவில் இருக்கிறோம். பின்வளவில் ஃபிஞ்சஸுக்கு ஏவியரி கட்டலாமா? – வாசகர், டொரொண்டோ

கட்டலாம் தம்பி, ஆனால் அது கோடைக்கால வீடாக மட்டும் இருக்கட்டும். உங்கள் ஊரில் மைனஸ் 20 வரை இறங்கும். ஜீப்ரா ஃபிஞ்ச் ஒரு கைப்பிடி கூட இல்லாத பறவை. வெப்பத்தை விட எனக்குக் கவலை வெளிச்சம்தான். டிசம்பரில் உங்களுக்குப் பகல் 9 மணி நேரத்துக்கும் குறைவு. அத்தனை சின்ன உடம்பு அந்த நேரத்துக்குள் தின்று, மீதி 15 மணி நேரக் குளிரைத் தாங்குவது கடினம். வீட்டுச் சுவரை ஒட்டி ஏவியரியைக் கட்டி, பேஸ்மென்ட் ஜன்னல் வழியாக உள்ளே ஒரு பறவை அறைக்குப் பாதை விடுங்கள். இலையுதிர்காலத்திலேயே அந்தப் பாதையை அடைத்துவிட்டு, டைமர் விளக்கால் 12 மணி நேரப் பகல் கொடுங்கள். விளக்கு பட்டென்று அணையாமல் மெல்ல மங்கட்டும், இல்லாவிட்டால் கம்புக்குப் போகாமல் தரையிலேயே நின்றுவிடும். வெளிக்கூரை பனியின் பாரத்தைத் தாங்க வேண்டும், சரிவாகப் போடுங்கள். கட்டுவதற்கு முன் நகரசபை அனுமதி தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

2013 டிசம்பரில் உறைமழைப் புயல் அடித்து டொரொண்டோவில் லட்சக்கணக்கானோர் மின்சாரமில்லாமல் இருந்தார்கள், சிலருக்கு நாள்கணக்கில். அப்படி ஆனால் பறவைகளைச் சூடான வேறு இடத்துக்குக் கொண்டுபோக, எல்லாப் பறவைகளும் கொள்ளும் அளவுக்குச் சின்னப் பயணக் கூண்டுகளைத் தயாராக வைத்திருங்கள்.

கேள்வி: பெரிய கூண்டில் பச்சைக்கிளியும் சில்லையும் (முனியா) சேர்த்து விடலாமா? – வாசகி, ஏற்காடு

கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டையும் வீட்டில் வைத்திருப்பது குற்றம். கடையில் விற்றாலும் வாங்காதீர்கள். பட்ஜி, காக்டெய்ல், ஜீப்ரா ஃபிஞ்ச் வளர்க்கத் தடையில்லை. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்காவ், ஃபிஷர் லவ் பேர்ட் போன்றவை இருந்தால் 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். குஞ்சு பொரித்தாலும் இறந்தாலும் அதிலேயே தெரிவிக்க வேண்டும். வாங்கும்போது ரசீதைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.